நினைவு மலர் போட்ட கதை

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1960க்கு முன் படித்தவர்களைப் பற்றி ஒரு நினைவு மலர் கொண்டுவரலாம் என்று நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம். ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டோம், இரண்டு வருஷம் இழுத்தது. நாலு பேரும் 1970களின் கடைசியில் சேலையூர் ஹால் என்ற கல்லூரி விடுதியில் இருந்தவர்கள், இப்போது ஓய்வு பெற்றவர்கள். நேரம் இருந்தது, அனுபவம் இல்லை. இதே வேலையில் இறங்க நினைக்கும் வேறு கல்லூரிக்காரர்களுக்கு உதவட்டும் என்று, நாங்கள் எங்கெங்கே முட்டிக்கொண்டோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதல் மூன்று மாதமும் வீண். பெரிய பெயர்களின் பின்னால் ஓடினோம். ராதாகிருஷ்ணன், தீரர் சத்தியமூர்த்தி, சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், இங்கே படித்து இங்கேயே தமிழாசிரியராகி 1903ல் 33 வயதில் மறைந்த பரிதிமாற் கலைஞர். மாய்ந்து மாய்ந்து எழுதினோம். திரும்பப் படித்தால் ஒரு வரிகூட எங்களுடையது இல்லை, எல்லாம் எந்த நூலகத்திலும் கிடைக்கிற சங்கதி. அவர்களை நினைவில் வைக்க நாங்கள் தேவையில்லை. போதாக்குறைக்கு, இவர்கள் யாரும் தாம்பரத்தில் படித்தவர்களும் இல்லை. 1837ல் சிறு பள்ளியாகத் தொடங்கியதிலிருந்து சரியாக நூறு வருஷம் கழித்து, 1937ல்தான் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்கு வந்தது. எங்களுக்குத் தெரிந்த கல்லூரி அந்தக் காடுதான். அதில் மரம் வளர்த்துச் சோலையாக்கியவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் தாவரவியல்காரர் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். வேதியியல் பேராசிரியராம்.

அந்த மூன்று மாதத்தில் உருப்படியாக ஒன்று கிடைத்தது. இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் வி.எஸ். அசரியா, 1912ல் தோர்ணக்கல் பேராயரானவர், எங்கள் கல்லூரியில் கணிதம் படித்தவர். ஆனால் பட்டம் வாங்காமலேயே வெளியேறியவர். நாங்களோ பட்டம் பெற்றவர்களை மட்டும் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தோம். அப்படியென்றால் அசரியாவுக்கே இடமில்லை! அன்றைக்கே பட்டியலைக் கிழித்துவிட்டு, ஒரு டெர்ம் இருந்துவிட்டுப் போனவரானாலும் சேர்ப்பது என்று முடிவு செய்தோம்.

அடுத்த தலைவலி முன்னெழுத்து. தென்மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு டி. சாமுவேலைத் தேடிப் போனால் நாலு டி. சாமுவேல் வருவார்கள். ஒருவருக்கு அப்பா தானியேல், ஒருவருக்கு துரைராஜ், ஒருவருக்கு தேவசகாயம், இன்னொருவருக்கு தாவீது, அதையும் ஆங்கிலத்தில் டேவிட் என்று எழுதித் தொலைத்திருப்பார்கள். பெண்கள் விஷயம் இதைவிட மோசம். கல்யாணத்தோடு அப்பா எழுத்து போய்க் கணவர் எழுத்து வந்துவிடும், ஊரும் மாறிவிடும். ஐம்பதுகளில் படித்த பதினொரு பெண்களைத் தேடினோம், நாலு பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அதில் இரண்டு பேர், அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற சபையின் பதிவேடு வழியாகக் கிடைத்தார்கள். ஆகவே பெயரை மட்டும் குறிக்காதீர்கள். அப்பா பெயர், ஊர், சபை, ஹால், பாடம் என்று ஐந்தும் கைக்கு வந்த பிறகே இவர்தான் அவர் என்று நம்புங்கள்.

ஐந்தும் வருவதற்கு முன்பே நான் நம்பிவிட்டேன். அதன் பலன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் வந்தது.

"தம்பி, ஒங்க லிஸ்ட்ல என்னயக் கொன்னுட்டீங்களாமே?"

மறைந்தவர்கள் என்று நாங்கள் வாட்ஸாப்பில் சுற்றுக்கு விட்ட பட்டியலை மகன் காட்டியிருக்கிறார். பாளையங்கோட்டைக்காரர், 1958ல் விலங்கியல் முடித்தவர், வயது 87. அதே முன்னெழுத்து, அதே பெயர், ஒரு வருஷம் முந்திய இன்னொருவர் இறந்துபோயிருந்தார். இரண்டு பேர் வாழ்க்கையையும் நான் ஒன்றாகப் பிசைந்து வைத்திருந்தேன். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் அவர் விடவில்லை.

"அது கெடக்கட்டும். என்னயப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க, வாசிங்க."

வாசித்தேன். ஹாக்கி அணித் தலைவர் என்ற இடத்தில் நிறுத்தினார். தலைவர் இல்லையாம், கோல் கீப்பராம். அதுவும் கால்காப்புக் கட்டிக்கொள்ள ஆள் கிடைக்காமல் உயரமான இவரைப் பிடித்து நிறுத்தியதாம். "சிறந்த கல்வியாளர்" என்ற இடத்தில் சிரித்தே விட்டார். அந்த ஒரு போன் ஒன்றரை மணி நேரம் ஓடியது. அடுத்த வாரமே ரயிலேறிப் போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன்.

கேள்வி கேட்கவே அங்கேதான் கற்றுக்கொண்டேன். அதுவரை எல்லோரிடமும் "உங்கள் சாதனைகள் என்ன, கல்லூரி உங்களுக்கு என்ன கொடுத்தது" என்றுதான் ஆரம்பிப்பேன். பதிலாக வேலைக்கு மனுப் போடுகிற மாதிரி வகித்த பதவிகளின் பட்டியல் வரும். பாளையங்கோட்டையாரிடம் தற்செயலாக, "மெஸ் பில் எவ்வளவு ஐயா?" என்று கேட்டேன். தொகை அவருக்கு நினைவில்லை. ஆனால் ஒரு மாதம் அவரால் கட்ட முடியாமல் போனதும், அறைத்தோழர் தன் கைக்கடிகாரத்தை அடகு வைத்துக் கட்டியதும், அதைப் பற்றி இருவரும் அதற்குப் பிறகு ஒருநாளும் பேசிக்கொள்ளாததும் வந்தன. அந்தத் தோழர்தான் நான் இவரோடு சேர்த்துப் பிசைந்த அந்த இன்னொருவர். குடும்பத்தார் அனுப்பிய குறிப்பில் கடிகாரம் இல்லை, அவர்களுக்கே தெரிந்திருக்காது.

குடும்பத்தார் தரும் குறிப்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடக்க ஆராதனைக்கு அச்சடித்த தாளைத்தான் பெரும்பாலும் நீட்டுவார்கள். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று இருக்கும், தேதி இருக்கும், பிரியமான வசனம் இருக்கும், ஆளைக் காணோம். அதைக் குறை சொல்லவில்லை, துக்க வீட்டில் அவ்வளவுதான் முடியும். தேதிகளுக்கு அந்தத் தாளையும், குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கும் பிறப்பு, ஞானஸ்நானக் குறிப்புகளையும் நம்பலாம். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் வாத்தியார் சேர்க்கும்போது கொடுத்த தேதி அது.

ஒலிப்பதிவுக்குக் கைபேசியே போதும். ஆனால் மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். மே மாதத்தில் 90 வயதுக்காரரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விளைவு, மூன்று பதிவுகளில் விசிறிதான் பேசுகிறது. படங்களை ஆல்பத்திலிருந்து பிய்க்கக் கூடாது. வாசல் வெளிச்சத்தில், வெயில் நேராக விழாமல் வைத்து, இருந்த இடத்திலேயே எடுங்கள்.

குழுப் படங்கள்தான் கண்ணீர் வரவழைத்தன. அட்டையில் ஒட்டி, கீழே நிற்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள் என்று பெயர் அச்சிட்ட 1957ஆம் வருஷப் படம் ஒன்று கிடைத்தது. பெயர்கள் இருந்த பகுதியை, படச்சட்டம் மாற்றியபோது ஒரு கடைக்காரர் அழகாக வெட்டி எறிந்திருந்தார். மூன்று பெரியவர்களிடம் தனித்தனியாகக் காட்டினோம். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால்தான் போடுவது என்று விதி. பின்வரிசையில் கடைசியில், தொளதொளவென்று கோட்டுப் போட்டு நிற்பவருக்கு மூன்று பேரும் மூன்று பெயர் சொன்னார்கள், மூவரும் அடித்துச் சொன்னார்கள். "பெயர் தெரியவில்லை" என்று அச்சிட்டோம்.

பாளையங்கோட்டையாருக்குக் கண்புரை அறுவை நடந்த சமயம் அது, அதனால் அவரிடம் காட்டவில்லை. மலர் கைக்குப் போன மறுநாள் போன் செய்தார்.

"அந்தக் கோட்டு என்னோடது தம்பி. போட்டிருக்கது நம்ம மெஸ் சமையக்காரரு. படத்துக்கு வர மாட்டேன்னு நின்னவர நாங்கதான் இழுத்து நிப்பாட்டினோம்."

பெயரையும் சொன்னார், முன்னெழுத்து மட்டும் நினைவில்லை. சேலையூர்ப் பக்கம் அவர் பேரப்பிள்ளைகள் இருப்பதாகக் கேள்வி, தேடிக்கொண்டிருக்கிறோம். மறுபதிப்பில் அவரை எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது என்று எங்கள் நால்வருக்குள் இன்னும் சண்டை முடியவில்லை.