நாளைக்கு ஓடுமா?

வெள்ளி இரவு கார் பந்தயம் முடிந்து வண்டி பட்டறைக்குத் திரும்பும். வலது முன்பக்கம் சுவரில் இடித்திருக்கும். ஓட்டுநர் கேட்பது ஒன்றுதான்: "நாளைக்கு ஓடுமா?" டேப்பைப் பிடித்து, வண்டியைத் தாங்கும் எஃகுச் சட்டமான ஃபிரேமின் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துப்போனால், சக்கரத்தைப் பிடித்திருக்கும் வளைந்த ஆர்மையும் ஸ்பிண்டிலையும் கழற்றிப் புதிதைப் போட்டு, டோ, அதாவது முன்சக்கரங்கள் பார்க்கும் கோணம், பார்த்துவிட்டு "ஓடும்" என்று சொல்லிவிடலாம்.

அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் ரிச்சி எவன்ஸைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அவருடைய ஒன்பது பட்டங்கள் பின்னால் போய்விடுகின்றன. அந்த "ஓடும்" முன்னால் வந்து நிற்கிறது.

நியூயார்க் மாநிலத்து ரோம் ஊர்க்காரர். ஆரஞ்சு நிற வண்டி, எண் 61. அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரில், சக்கரங்கள் வெளியே தெரியும் மாடிஃபைட் வகை வண்டிகளுக்கான பட்டம் 1973இல் ஒன்று. பிறகு 1978 முதல் 1985 வரை வரிசையாக எட்டு. நாஸ்காரின் மேல்தொடரான கோப்பைத் தொடரை நம்பியிராமல், வடகிழக்கின் சிறு ஓடுதளங்களையே பிழைப்பாக்கிக்கொண்டவர். 1979இல் மட்டும் 60 பந்தயம், 37 வெற்றி. 1985இல் இன்னின்ன பந்தயம்தான் என்று வரையறுத்த சுற்றுத்தொடர் வரும்வரை, ஊர் ஊராக ஓடிச் சேர்த்த புள்ளிகளின் கூட்டல்தான் பட்டம். சனிக்கிழமை வண்டி எழுந்து நிற்காவிட்டால் புள்ளியும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. பெரிய அணிகளைப் போல வரிசையாக மாற்று வண்டிகள் வைத்திருப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் கட்டுபடியாகாது.

விறைப்பான ஃபிரேம் சின்ன இடியில் வளையாது, மறுநாளே ஓடும். அதை ஓட்டுநர்கள் விரும்பியதற்கு வேகமும் காரணம். வண்டியை நான்கு தராசில் ஏற்றினால் மொத்தம் 2,600 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம்: இடது முன் 710, வலது முன் 560, இடது பின் 750, வலது பின் 580. வலது முன்னையும் இடது பின்னையும் கூட்டினால் 1,310; ஏறக்குறைய 50.4 சதவீதம். இதைத்தான் வெட்ஜ் என்பார்கள். இடது பின் ஸ்பிரிங்குக்கு மேலுள்ள போல்ட்டை இறுக்கினால் இந்த இரண்டு மூலையிலும் எடை ஏறும், மற்ற இரண்டில் அதே அளவு இறங்கும். மூலைக்கு 13 பவுண்ட் மாறினாலே வெட்ஜ் ஒரு சதவீதம் கூடிவிடும். வளைவில் லூஸாகப் பின்பக்கம் வீசிய வண்டி அடங்கும். அளவு மீறினால் டைட்டாகி, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு திரும்பாது. தொளதொளத்த ஃபிரேமில் இந்தக் கணக்கு நிற்காது. போல்ட்டில் கொடுத்ததில் ஒரு பங்கை ஃபிரேமே முறுக்கிக்கொண்டு விழுங்கிவிடும். நேற்று அரைச் சுற்று செய்த வேலையை இன்று முக்கால் சுற்றும் செய்யாது. அதனால் தடித்த குழாய், நேர்க்கோட்டில் ஓடும் பக்கச் சட்டம், முக்கோணமாக வெல்டிங். தப்பென்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அது ஜெயித்தது.

1985 அக்டோபர் 24, வியாழக்கிழமை. வர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்ஸ்வில் ஓடுதளத்தில் பயிற்சி. ஒன்பதாவது பட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. எவன்ஸ் சுவரில் மோதி இறந்தார். "பட்டம்தான் உறுதியாகிவிட்டதே, எதற்கு ஓடினார்?" என்று கேட்பது சுலபம். ஓடுவதுதான் அவருக்குத் தொழில். அந்தக் கேள்விக்கு அதற்கு மேல் மதிப்பு இல்லை.

அதோடு நின்றிருந்தால் விதி என்று விட்டிருக்கலாம். 1987இல் சார்லி ஜார்ஸோம்பெக், கார்க்கி குக்மன்; 1989இல் டான் பிராட், டாமி டிரூவார் என்று அடுத்தடுத்து மோதி இறந்தார்கள். எல்லோரும் மாடிஃபைட் ஓட்டியவர்கள். மாட்டிக்கொண்ட ஆக்ஸிலேட்டர், மோதிய கோணம் என்று பல காரணம் பேசப்பட்டது. விறைத்த ஃபிரேமும் பேசப்பட்டது.

கணக்குப் போட்டால் மனசு ஆறவில்லை. மணிக்கு 90 மைல், அதாவது வினாடிக்கு 40 மீட்டர். சுவரில் 30 டிகிரியில் மோதினால் சுவரை நோக்கிய வேகம் வினாடிக்கு 20 மீட்டர். கான்கிரீட் நசுங்காது, வண்டிதான் நசுங்க வேண்டும். 30 சென்டிமீட்டரில் அந்த வேகம் முழுவதும் தீர்ந்தால், சராசரியாகப் புவியீர்ப்பின் 68 மடங்கு. 60 சென்டிமீட்டர் கொடுத்தால் 34 மடங்கு. பெல்ட் மார்பைப் பிடித்துக்கொள்ளும், தலை அதே வேகத்தில் போகும், இடையில் இருப்பது கழுத்து. தலையைத் தோளோடு கட்டிவைக்கும் கருவியை நாஸ்கார் தன் மேல்தொடர்களில் கட்டாயமாக்கியது 2001இல்தான்.

அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும் என்று வாதாடலாம். ஆனால் மெர்சிடிஸ் கார் நிறுவனத்தின் பொறியாளர் பேலா பாரேன்யி நசுங்கும் முன்பக்கத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1950களின் தொடக்கத்தில். 1959இல் அது தெருவில் ஓடும் காரிலேயே வந்துவிட்டது. தெரியாது என்பது எடுபடாது. முறுக்கலுக்கு விறைப்பு வேண்டுமே என்பதும் முழு உண்மை இல்லை. ஓட்டுநரைச் சுற்றிய கூண்டை முறுக்காமல் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் போகும் சட்டத்தை மட்டும் மெல்லிய குழாயில், ஓரிடத்தில் வளைத்துச் செய்யலாம். முறுக்கலில் கொஞ்சம் போகும், ஆனால் மோதினால் அந்த வளைவில் மடங்கும்.

பட்டறையில் நின்று யோசித்தால் இங்கேதான் சிக்கல். மடங்கும் முன்பக்கம் பெரிய மோதலுக்கு மட்டும் காத்திருக்காது. வெள்ளிக்கிழமை சின்ன இடியிலும் கொஞ்சம் நகரும். கண்ணுக்குத் தெரியாது, டேப்பில் தெரியும். பிறகு முன்பக்கத்தை அறுத்து, அளவு மாறாமல் பிடித்துவைக்கும் ஜிக்கில் ஏற்றி, புதிதை வெல்டிங் செய்து, நான்கு தராசையும் மறுபடி பார்க்க வேண்டும். ஒரே ராத்திரியில் மூன்று ஆளால் ஆகிற காரியமா?

வாரத்துக்கு ஒரு பந்தயம் என்றால் தாராளமாகச் செய்யலாம். 60 பந்தயம் ஓடுகிறவர் முன்னால் நின்று "நாளைக்கு ஓடாது" என்று எத்தனை வெள்ளிக்கிழமை சொல்ல முடியும்? முதல் தடவை கேட்டுக்கொள்வார். மூன்றாவது தடவை வண்டியைத் தடித்த குழாய் வைத்திருக்கும் பக்கத்துப் பட்டறைக்கு எடுத்துப் போய்விடுவார். போகட்டும் என்று விட்டிருக்க வேண்டும் என்று சில நேரம் தோன்றுகிறது. அங்கேயும் யாரோ ஒருவர் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு "ஓடும்" என்றுதானே சொல்லியிருப்பார் என்றும் தோன்றுகிறது.