கன்டெய்னருக்குள் ஜூபிட்டர்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவருக்கு இப்போது ஒரே ஒரு கட்டளையைத்தான் கொடுக்கிறோம். அதை இயக்கினால் பைதான், பைடார்ச், பாண்டாஸ் எல்லாம் உரிய பதிப்புகளில் அடங்கிய டாக்கர் இமேஜ், அதாவது மென்பொருள்களை மொத்தமாகக் கட்டிவைத்த பொதி, இறங்கும்; நிரலை எழுதி அங்கேயே இயக்கிப் பார்க்கும் ஜூபிட்டர் நோட்புக் உலாவியில் திறந்துகொள்ளும். லைப்ரரிகளை நிறுவுவதிலேயே முதல் வாரம் கரைந்துபோன காலம் போய்விட்டது. இருந்தும், இந்த அமைப்பைப் பராமரிக்கும் என்னைத் தேடி வருபவர்கள் குறையவில்லை. பைதானைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை. அந்த இமேஜிலிருந்து இயங்கும் தனித்த சூழலான கன்டெய்னரும் அதைத் தாங்கும் சர்வரும் தொட்டுக்கொள்ளும் இடங்களில்தான் வம்பு அத்தனையும்.

ஜூபிட்டரின் இணைப்பு வாயிலான போர்ட் 8888ஐத் திறந்தும் பக்கம் வரவில்லை என்பார்கள். நாமே கட்டிய இமேஜாக இருந்தால், ஜூபிட்டர் கன்டெய்னரின் உள்முகவரியில் மட்டும் காத்திருக்கும், எல்லா முகவரிகளிலும் கேள் என்று பொருள்படும் 0.0.0.0 என்று சொன்னால்தான் வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்கும். இது எளிது. கோப்புரிமை கொஞ்சம் எரிச்சலூட்டும். ஜூபிட்டர் திட்டத்தின் அதிகாரபூர்வ இமேஜ்களில் பயனர் எண் 1000. சர்வரில் நம் எண் வேறாக இருந்தால், இணைத்த கோப்புறையில் எழுத அனுமதி கிடைக்காது. உடனே எவரும் எழுதலாம் என்னும் அனுமதி எண்ணான 777 போட்டு எல்லாருக்கும் கதவைத் திறந்துவிடுவார்கள். பயனர் எண்ணைச் சரியாகக் கொடுத்து இயக்குவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகாது.

பலரையும் திணறடிப்பது நினைவகம். 256 ஜிபி உள்ள சர்வரில், மாடலின் பயிற்சி தொடங்கிய சில நொடிகளில் 'பஸ் எரர்' என்று நின்றுவிடும். ரேம் ஏராளமாக இருக்கும்போது இது என்ன கூத்து என்று நியாயமாகவே கேட்பார்கள். பயிற்சிக்குத் தரவை ஊட்டும் பைடார்ச்சின் டேட்டாலோடர் பல செயல்முறைகளைக் கிளப்பி, அவை தயாரிக்கும் தரவைப் பகிர்வு நினைவகம் வழியாகக் கைமாற்றுகிறது. டாக்கர் அதற்கு இயல்பாக ஒதுக்குவது 64 எம்பி மட்டுமே. 224க்கு 224 அளவுள்ள வண்ணப் படங்கள் 64 சேர்ந்த ஒரு தொகுதி, 32 பிட் எண்களாக, ஏறத்தாழ 38 எம்பி பிடிக்கும். இரண்டாவது தொகுதிக்கே இடமில்லை! செயல்முறைகளின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினால் பிழை மறைந்துவிடும்; ஆனால் கணக்கிடும் சில்லான ஜிபியு தரவுக்காகக் காத்துக் கிடக்கும். கன்டெய்னரைத் தொடங்கும்போதே பகிர்வு நினைவகத்தைச் சில ஜிபியாக உயர்த்துவதுதான் வழி.

ஜிபியுவைப் பொறுத்தவரை, அதில் கணக்கிட உதவும் கூடா லைப்ரரிகள் இமேஜுக்குள் இருக்கலாம், டிரைவர் சர்வருடையது. டிரைவர் மிகப் பழையதாக இருந்தால் புதிய இமேஜ் பெரும்பாலும் உதவாது.

ஒரு புகாரை மட்டும் நான் ஏற்பதில்லை. நோட்புக்கிலிருந்தே பைதானின் நிறுவியான பிப் மூலம் நிறுவிய லைப்ரரி, கன்டெய்னரை நீக்கிப் புதிதாகத் தொடங்கியதும் காணாமல் போகிறதாம். நிலையான கோப்புறை ஒன்றை இணைத்து அதைக் காப்பாற்றிக் கொடுக்க என்னால் முடியும். ஆனால் அப்படிச் செய்தால், இமேஜைக் கட்டும் கட்டளைகள் அடங்கிய டாக்கர்ஃபைலில் ஒரு வரி சேர்க்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். அதனால் வேண்டுமென்றேதான் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.