சிப்காட் ஆலையின் ஆறுமாத அறிக்கையைத் தேடிப் பிடித்த கதை

கடலூர் சிப்காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. சில ராத்திரிகளில் காற்று திரும்பினால் அழுகிய முட்டை நாற்றம் வீட்டுக்குள் வந்துவிடும். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட மாசுக் குறியீட்டில் கடலூருக்கு 77.45. எழுபதைத் தாண்டினாலே கடுமையாக மாசடைந்த பகுதி என்று கணக்கு. அந்த எண் மொத்தப் பகுதிக்கானது. எங்கள் மூக்குக்கு வருவது எந்த ஆலையிலிருந்து என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய ஆலை ஒவ்வொரு ஜூன் 1, டிசம்பர் 1 அன்றும் நிபந்தனைகளைக் கடைப்பிடித்த விவரத்தை அறிக்கையாகத் தர வேண்டும். அது பொது ஆவணம். சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் சந்தேகப்பட்ட ஆலையின் கேட்டில் தொங்கும் பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. அங்கே காண்ட்ராக்டில் வேலை பார்த்த சித்தப்பாவிடம் கேட்டேன். "கம்பெனி கை மாறிப்போச்சுடா, பழைய பேருல தேடு" என்றார். வந்தது! தேடுபொறிக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அனுமதி முறையே 1994இல்தான் வந்தது. அதற்கு முன்பே ஓட ஆரம்பித்து, பிறகு விரிவாக்கம் எதுவும் செய்யாத ஆலைக்கு அனுமதிக் கடிதம் இருக்காது. நீர், காற்று மாசுத் தடுப்புச் சட்டங்களின்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையைத்தான் தேட வேண்டும். நான் தேடிய ஆலை விரிவாக்கத்துக்கு அனுமதி வாங்கியிருந்ததால் தப்பித்தேன்.

அனுமதிக் கடிதம் கிடைத்தது, அண்மை அறிக்கை இல்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். "ஏன் நாறுகிறது" என்று கேட்டால் அது தகவலே இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தின் பெயர், எந்த அரையாண்டு, நகல் வேண்டும், அவ்வளவுதான் எழுத வேண்டும். முப்பது நாள் கெடு தாண்டியும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகு தபால் வந்தது: சாய்வாக எடுத்த ஜெராக்ஸ், முழுக்க ஆங்கிலம்.

படித்தால் எல்லாமே வரம்புக்குள். தூசு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், எல்லாம் புகைபோக்கியில் பகல் நேரத்தில் எடுத்த மாதிரிகள். அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலும் கழிவுநீர்க் குழாயிலும் இணையவழிக் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று 2014இல் உத்தரவு வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் கசியும் குழாயிலிருந்தும் கிளம்பக்கூடியது. புகைபோக்கிக் கருவி சரியாகவே வேலை செய்தாலும் அதைப் பிடிக்காது. எனக்கு வந்த அறிக்கையில் அந்த வாயுவுக்கு ஒரு பத்திகூட இல்லை. அறிக்கையில் பொய் இருப்பதாக நான் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அதனால் தெருவில் சிலர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் குறித்து வைக்கிறோம்: தேதி, நேரம், நாற்றத்தின் வகை, போனில் வானிலைச் செயலி காட்டும் காற்றின் திசை. இரண்டு வரிக்கு மேல் எழுத வேண்டாம் என்று அக்காக்களிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது, கூடவே குட் மார்னிங் படம் வேறு வரும். ஆவணங்களை நேரில் பார்வையிடவும் சட்டத்தில் இடமுண்டு. அந்தக் குறிப்புகளில் உள்ள தேதிகளைப் போட்டு, அதே நாட்களில் அந்த ஆலையைப் பற்றி வந்த புகார்களையும் ஆய்வுக் குறிப்புகளையும் பார்வையிடக் கேட்டு அடுத்த மனுவை அனுப்பியிருக்கிறேன்.