டேப்லெட்டின் நெற்றி

ஆயுத பூஜை முடிந்து மூன்று நாளாகிறது. அம்மா இன்னும் அப்பாவோடு பேசவில்லை. டேப்லெட்டோடும் பேசவில்லை. இரண்டாவதுதான் வீட்டில் பெரிய செய்தி. கடலைமாவில் வண்டு விழுந்தால்கூட அதனிடம்தான் வாய்விட்டுக் கேட்பாள், அதுவும் மரியாதையாக, "சொல்லுங்க" என்று.

அப்பாவுக்கு அது ஸ்டெனோ. ஆபீஸில் டிக்டேட் செய்த பழக்கம் போகுமா? "அன்புள்ள மகளுக்கு, கமா" என்று ஆரம்பிப்பார். அக்காவுக்கு 'அன்புள்ள மகளுக்கு கம்மா' என்று போய்ச் சேரும்.

2006-இல் வாங்கிய டெஸ்க்டாப் இருந்த காலத்தில் "அவன் கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கான்" என்பார்கள். அப்போது கம்ப்யூட்டர் என்பது ஓர் இடம். போய் உட்கார வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும், யுபிஎஸ் கத்தினால் எழுந்து ஓட வேண்டும். 2010 ஜனவரியில் முதல் ஐபேடைக் காட்டியபோது ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஓர் ஒற்றையாள் சோபாவைப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் காட்டினார். எங்கள் வீட்டில் சோபாவுக்குப் பதில் ஊஞ்சல், அவ்வளவுதான். இப்போது யாரும் எதிலும் உட்காருவதில்லை. "டேப் எங்க?" மட்டும்தான். பெரும்பாலும் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கும்.

சரி, பூஜைக்கு வருகிறேன். இந்த வருஷம் மந்திரம் சொன்னதும் டேப்லெட்தான், பூஜைக்குரிய ஆயுதமும் டேப்லெட்தான். உறை போட்டு மூலையில் கிடக்கும் அந்தப் பழைய சிபியூவின் மேல் சாய்த்து வைத்து, யூடியூபில் மந்திரத்தை ஓடவிட்டு, அப்பா சந்தனக் கிண்ணத்தோடு கிட்டே போனார்.

"இதுக்கு நெத்தி எங்கடா?"

அவரே தேடி, மேலே நடுவில் ஒரு புள்ளி தெரிகிறதே, அதன் மேல் குங்குமம் வைத்தார். முன் கேமரா. அதற்குக் கீழே கொழகொழவென்று மூன்று விரல் சந்தனம். தொடுதிரைக்கு விரலும் ஈரச் சந்தனமும் ஒன்றுதான், மின்சாரத்தைக் கொஞ்சம் கடத்தும் எது பட்டாலும் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். இதை அன்றைக்கு யார் யோசித்தது?

எல்லோரும் கண்ணை மூடி நின்றோம். நடுவில் மந்திரம் நின்றது. விளம்பரம் வந்திருக்கும் என்று யாரும் கண்ணைத் திறக்கவில்லை. அந்த அமைதி அம்மாவுக்கு வசதியாகப் போயிற்று.

"கொலுவுக்குப் போனேனே, அக்கா மாமியார் வீட்டுச் சுண்டல் இருக்கே, உப்பும் இல்ல, தேங்காயும் இல்ல. குடுத்த ரவிக்கைத் துணி போன வருஷம் நாம குடுத்தது."

டேப்லெட் பதில் சொன்னது.

"நல்லா கேக்குதுங்க சம்பந்தி. படம்தான் ஒரே செவப்பா இருக்கு."

சந்தனம் வழிந்து, அக்கா மாமியாரிடமிருந்து வந்த வீடியோ அழைப்பை எடுத்திருக்கிறது. அப்பா அணைக்கிறேன் என்று துண்டால் துடைக்க, துடைத்த துடைப்பில் ஸ்பீக்கர் முழுச் சத்தத்துக்குப் போனது. வாசலில் பூசணிக்காயோடு நின்றிருந்த பக்கத்து வீட்டு மாமாவும் கேட்டார்.

"அந்தப் பழசு இத்தனை வருஷம் இருந்துச்சே, ஒருநாளாவது என்னை மாட்டிவிட்டுச்சா?" என்று அம்மா மூலையில் போய் நின்றாள். இனி அதில்தான் சமையல் குறிப்பாம். நேற்று என்னை ஆன் செய்யச் சொன்னாள். கீபோர்டைத் தட்டியதும் எறும்பு வரிசையாக வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி எழுந்திருப்பதற்குள் சாதம் குழைந்துவிட்டது. இன்டர்நெட் இணைப்பு அதற்கு என்றைக்கோ போய்விட்டது. எப்போதோ சேமித்த அக்கா கல்யாணப் படங்கள் மட்டும் திறந்தன.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது, அம்மா மானிட்டரில் அக்காவின் முகத்தின் மேல் இரண்டு விரலை வைத்து விரித்துக்கொண்டிருந்தாள். படம் அசையவில்லை. இன்னொரு முறை விரித்தாள். பிறகு கண்ணாடியில் பதிந்த ரேகையை முந்தானையால் துடைத்தாள்.

"டேப்புல சார்ஜ் இருக்கான்னு பாரு. இதையெல்லாம் அதுல ஏத்திக் குடு. உங்கப்பாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லாத."