திங்கள் புதன் வெள்ளி

ஏப்ரல் 25, வெள்ளி

கிட்னி போன அண்ணனுக்கு கிரியாட்டினின், ரத்தத்துல இருக்குற கழிவு, திரும்ப ஏறிருச்சு. அண்ணே ஒரு வார்த்தை பேசல. அதுக்கும் சேத்து மதினி பேசுச்சு.

ஏப்ரல் 27, ஞாயிறு

செல்லூர் வீட்டுல எல்லாரும் கூடுனோம். அண்ணனுக்கு யாரு கிட்னி குடுக்குறதுன்னு வாய்விட்டு ஒருத்தரும் கேக்கல, ஆனா காலைல இருந்து அத மட்டுந்தான் பேசுனாய்ங்க. மதினிக்கு சுகர், அது ஆகாது, சரி. அண்ணே மகன் பெரியவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல, பொண்ணு வீட்டுல கேட்டா என்னத்த சொல்றது. சின்னவன் பச்சப்புள்ளயாம், மீசை என்னமோ காதத் தொடுது. பெரியப்பா மகன் மட்டும் நெஞ்ச நிமித்திக்கிட்டு நான் குடுக்குறேன்டா தம்பின்னாரு. 1994 உறுப்பு மாத்துற சட்டத்துல நெருங்குன சொந்தம்னா புருசன் பொண்டாட்டி, பெத்தவங்க, புள்ளைக, கூடப் பொறந்தவங்க அவ்வளவுதான், 2011ல திருத்தி தாத்தா பாட்டி பேரப்புள்ளைகள சேத்தாங்க, இவரு அதுல எங்கயும் வரமாட்டாரு, வெளியாளு கணக்கா, அனுமதி குடுக்குற கமிட்டி முன்னாடி போயி நிக்கணும். அது அவருக்கு நல்லாத் தெரியும், போன மாசம் எனக்கு வெளக்குனதே அவருதான்.

அப்புறம் டீ வந்துச்சு. டீ குடிக்கிறப்ப எல்லாரும் என்னையப் பாத்தாய்ங்க. எனக்கும் அண்ணனுக்கும் ஒரே குரூப், ஓ பாசிட்டிவ்.

ஏப்ரல் 28, திங்கள்

இளநி குடிக்கணும்போல இருக்குன்னு அண்ணே கேட்டாரு. குடுக்கக் கூடாது, பொட்டாசியம். திட்டிட்டு வந்து பஸ்ஸ்டாப்புல நின்னு நான் ஒண்ணு குடிச்சேன்.

ஏப்ரல் 30, புதன்

நாலு மணி நேரம் டயாலிசிஸ் மிஷின் ஓடும், ரத்தத்தச் சுத்தம் பண்ணும், நான் வெளிய உக்காந்துருப்பேன். இங்க ஒண்ணு கவனிச்சேன், குடுக்குறதுக்கு டெஸ்ட் எடுக்க வர்றது பூரா பொம்பளையாத்தான் இருக்கு, அம்மா, பொண்டாட்டி, அக்கா. கட்டில்ல படுத்துருக்குறது முக்காவாசி ஆம்பளைங்க. உசிலம்பட்டி பக்கத்துல இருந்து வர்ற அக்கா சொல்லுச்சு, எங்க வீட்டுக்காரரு எனக்குக் குடுப்பாரானு கேட்டேன்டி, அதெல்லாம் எதுக்கு இப்பன்னுட்டாருன்னு. சொல்லிட்டு சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன்.

மே 2, வெள்ளி

எங்க வீட்டுக்காரரு குடுக்கவே கூடாதுன்னுட்டாரு. கேட்டதும் மனசு குளுந்துருச்சு, நம்ம மேல இம்புட்டு அக்கறையான்னு. அடுத்த வார்த்தை, மூணு மாசம் நீ வெயிட்டு தூக்கக் கூடாதுன்னா இங்க யாரு தண்ணி எடுக்குறது, பொங்குறது.

மே 4, ஞாயிறு

அம்மா போன். அவன் ஆம்பளப்புள்ள, குடும்பத்தத் தாங்குறவன், நீ ஒருத்தி நெனச்சா முடியும்டி. அப்படியே மெதுவா, செல்லூர் வீட்டுல கீழ்ப்போர்ஷன உம் பேருக்கே எழுதிருவோம்னு சொல்லுச்சு.

எனக்கு வந்த கோவம் இருக்கே. அப்பா கைக்காசுல கட்டுன வீடு அது, உயிலும் எழுதல, 1956 இந்து வாரிசுச் சட்டப்படியே மகளுக்கும் சரிபங்கு. அவரு காரியம் முடிஞ்ச கையோட எம் பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துக் கேட்டாய்ங்க, பொறந்த வீடு வேணுமா சொத்து வேணுமான்னு மதினி கேட்டுச்சு, போட்டுக் குடுத்தேன். அன்னைக்கு சும்மா வாங்குனத இன்னைக்கு எங்கிட்டயே வெல பேசுறாய்ங்க. கிட்னிக்கு சொத்து மாத்துறது குத்தம்னு இவங்களுக்கு யாரு சொல்றது. ஆஸ்பத்திரி கோஆர்டினேட்டர் மேடம் தனியா உக்கார வச்சு கேட்டாங்க, யாரும் கட்டாயப்படுத்துறாங்களா, பணம் சொத்துன்னு ஏதாச்சும் பேசுனாங்களான்னு. இல்ல மேடம்னு சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல. வேணாம்னா இப்பவே சொல்லுங்க, பொருத்தம் இல்லன்னு நாங்க சொல்லிக்கிறோம்னும் சொன்னாங்க. அது இன்னும் காதுலயே இருக்கு.

மே 6, செவ்வாய்

குடுக்க வேணாம்னு முடிவு பண்ணுன ராத்திரி நல்லாத் தூக்கம் வருது. குடுக்கலாம்னு முடிவு பண்ணுனா, ஊரே என்னைய எப்படிப் பேசும்னு நெனச்சு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். ரெண்டுலயும் அண்ணே எங்க இருக்காருன்னு தேடுறேன்.

மே 8, வியாழன்

மீனாட்சி கல்யாணம். டிவியப் பாத்துக்கிட்டே தாலிக்கயிறு மாத்துனேன். மதினிக்கு இந்த வருசம் கை நடுங்குச்சு, நான்தான் முடிச்சுப் போட்டு விட்டேன். பாவமாத்தான் இருந்துச்சு. கண்ணத் தொடச்சுட்டு, எப்ப டேட் வாங்கப் போறன்னு கேட்டுச்சு.

மே 10, சனி

மூளைச்சாவு ஆனவங்க உறுப்புக்காக அரசு வைக்கிற டிரான்ஸ்டான் லிஸ்டுல அண்ணே பேரும் இருக்கு, எத்தனையாவதுன்னு ஒருத்தரும் சொல்றதில்ல. 2008ல திருக்கழுக்குன்றத்துல ஹிதேந்திரன்னு ஒரு பையன் விபத்துல மூளைச்சாவு ஆனப்ப, பெத்தவங்க ரெண்டு பேரும் டாக்டருங்க, முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு அவன் உறுப்பெல்லாம் குடுத்தாங்க. இப்ப அப்படிக் குடுக்குறவங்க ஒடம்புக்கு அரசு மரியாதை உண்டு, 2023 செப்டம்பர்ல அறிவிச்சாங்க. இத நெனச்சுக்கிட்டே டிவியப் போட்டேன், தேனி ரோட்டுல பைக் விபத்து, சின்னப் பையன். என்ன குரூப்பா இருக்கும்னுதான் முதல்ல தோணுச்சு. அவங்கம்மா அழுகுறதக் காட்டுனாங்க, சேனல மாத்திட்டேன்.

மே 12, திங்கள்

அழகர் ஆத்துல எறங்குறாரு, திங்கக்கிழமைன்னு டயாலிசிஸ் நிக்குமா. ஒருநாள் தள்ளுனாலும் நெஞ்சுல கை வச்சிரும். ரோடெல்லாம் அடைப்பு, ஆட்டோ கெடையாது. பெரியப்பா மகன்ட்ட கார் கேட்டா சீட்டு கவர் புதுசும்மா, போன தடவ ரத்தம் பட்டுருச்சுங்குறாரு. ஸ்கூட்டில பின்னாடி உக்கார வச்சு ஊரச் சுத்திக் கொண்டு போனேன். வழியில அவரு போட்ட அன்னதானப் பந்தல், அவரு மூஞ்சி ஆளுயர பிளக்ஸுல சிரிக்குது, அண்ணன அடையாளந் தெரியாத ஒரு பையன் ஓடியாந்து தண்ணி பாக்கெட் நீட்டுறான். அண்ணே கைய நீட்டுனாரு. நான் தட்டி விட்டேன், தண்ணியும் அளவுதான்.

மே 14, புதன்

க்ராஸ்மேட்ச், அதான் என் கிட்னி அண்ணனுக்கு ஒத்துக்குமான்னு பாக்குற ரத்த டெஸ்ட், சரியா இருக்கு. நான் இன்னும் யாருட்டயும் சொல்லல.

ராத்திரி பெங்களூருல இருந்து பெரியவன் போன் பண்ணுனான். அத்த சாப்பிட்டீங்களா, ஒடம்பப் பாத்துக்கங்க. இந்தப் பய எனக்கு போன் பண்ணி எத்தன வருசமாச்சு. உன் குரூப் என்னடா, டெஸ்ட் எடுத்தியான்னு கேட்டேன். டவர் கெடைக்கலையாம்.

மே 16, வெள்ளி

இன்னைக்கு சின்னவன் கூட்டிட்டுப் போகட்டும்னு சொல்லிட்டேன். மதினி போன்லயே கத்துது, இம்புட்டு சுயநலமாடி உனக்கு