பொடியனுங்க ரெண்டு பேரு ஓடிப்போன மில்லு

மான்செஸ்டர்ல இருக்கற தம்பி வீட்டுக்கு போனப்ப அவன் பெரிய லிஸ்ட் போட்டு வச்சிருந்தான், ஃபுட்பால் ஸ்டேடியம், ஏரி, மால்னு. எனக்கு அதெல்லாம் அப்புறம், மொதல்ல ஒரு பஞ்சு மில்ல காட்டுடான்னு சொன்னேன். உடுமலைல மில் சங்கு சத்தத்துல எந்திரிச்சு ஸ்கூலுக்கு போனவ நான். எங்க பெரியப்பா பொண்ணு, நான் அக்கான்னு கூப்புடறது, பத்தாவது முடிச்ச கையோட ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலுக்கு போச்சு, மூணு வருசம் இருந்தா கல்யாணத்துக்கு மொத்தமா 30,000 ரூபா கையில தர்றோம்னு சொல்லி கூட்டிட்டு போனாங்க. அந்த மாதிரி வேலையெல்லாம் எங்க ஆரம்பிச்சுதுன்னு ஒரு தடவ கண்ணால பாக்கணும்னு ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு.

போனது குவாரி பேங்க் மில், இப்ப மியூசியம். செஷயர்ல ஸ்டையல்னு ஒரு சின்ன கிராமம், மான்செஸ்டர் ஏர்போர்ட்டுக்கு ரொம்ப பக்கம், தலைக்கு மேல பிளேன் போயிட்டே இருக்கு. நாங்க வில்ம்ஸ்லோ வரைக்கும் ட்ரெய்ன்ல போயி அங்கிருந்து டாக்ஸி புடிச்சோம். மரத்துக்கு நடுவுல பாதை எறங்கிட்டே போகுது, கீழ பொல்லின் ஆறு, அதோட கரையில செங்கல்ல கட்டுன உசரமான மில்லு. சாமுவேல் கிரெக்னு ஒருத்தர் 1784ல ஆரம்பிச்சது. அப்ப கரண்ட் கெடையாது, ஆரம்பத்துல ஆத்துத் தண்ணி சுத்துற சக்கரம்தான் எல்லா மெஷினையும் ஓட்டுச்சு. மில்ல ஒட்டுனாப்புலயே முதலாளி வீடு, சன்னல தொறந்தா மில்லுதான் தெரியும், அப்பிடி ஒரு பக்கம்.

உள்ள நுழைஞ்ச ஒடனே அந்த வாசம். எண்ணெயும் பஞ்சும் சேந்த வாசம், அக்கா லீவுக்கு வர்றப்ப அதோட துணிப்பைல இருந்து வர்ற அதே வாசம். நான் கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டேன், தம்பி என்னக்கா உடம்புக்கு ஏதும் முடியலயான்னு கேட்டான்.

நூல் நூக்கற மெஷின ஒருத்தர் ஓட்டி காமிச்சாரு, மியூல்னு பேரு. ஒரு பக்கம் வரிசையா நூல் சுத்துற கதிரு வச்ச நீள வண்டி, அது தரையில தண்டவாளம் மாதிரி இருக்கறதுல முன்னால வருது, நூல இழுத்து முறுக்குது, திரும்ப உள்ள போகுது. நூலு அந்து போனா ஓடுற மெஷின்லயே முடிச்சு போட ஒரு பொடிசு. வண்டிக்கு அடியில உழுந்த பஞ்ச கூட்டி எடுக்க இன்னும் சின்னது ஒன்னு, தரையோட தரையா தவழ்ந்து உள்ள போயி, வண்டி திரும்பி வர்றதுக்குள்ள வெளிய வந்துறணும். அந்த எடம் முழங்கால் உசரம் கூட இல்ல. நான் குனிஞ்சு பாத்தேன், எங்க அண்ணன் பையன் ஆறு வயசு, அவன் நுழைவான், அதுக்கு மேல வளந்த புள்ள கஷ்டம். ஏன் புள்ளைகள தேடி புடிச்சாங்கன்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

மில்லுல இருந்து கொஞ்சம் மேல ஏறுனா அப்ரண்டிஸ் ஹவுஸ், 1790ல கட்டுனது, அதாவது ஹாஸ்டல். ஒரு சமயத்துல கிட்டத்தட்ட 90 புள்ளைக இருந்திருக்குதுக, பொம்பளப் புள்ளைகதான் ஜாஸ்தி. அனாதையா, இல்ல சோத்துக்கு வழியில்லாத குடும்பத்துல இருந்து ஊர் நிர்வாகம் நடத்துற ஏழைகள் விடுதிக்கு வந்த புள்ளைகள, அங்கிருந்து இங்க அனுப்பிருவாங்க. ஊருக்கு செலவு மிச்சம், மில்லுக்கு ஆள் கெடைக்குது. அனுப்பறப்ப ஒரு புள்ளைக்கு 2 கினி காசும் மாத்துத்துணியும் ஊர்க்காரங்களே மில்லுக்கு குடுத்தாங்க. சம்பளம்னு கையில ஒன்னும் இல்ல, சோறு, துணி, படுக்க எடம், அவ்வளவுதான். வயசு வர்ற வரைக்கும் அக்ரிமெண்ட், நடுவுல போக முடியாது.

வீட்ட சுத்திக் காட்டுன அம்மா ரொம்ப நிதானமா சொன்னாங்க. வைக்கோல் மெத்தை கட்டிலு, ஒன்னுல ரெண்டு பேரு. காலைல கெட்டியா ஓட்ஸ் கஞ்சி, கையில வாங்கி சாப்புடற பதத்துக்கு கெட்டி, மில்லுக்குள்ளயே நின்னுட்டு திங்கணும். 12 மணி நேரத்துக்கும் மேல வேலை, சாய்ங்காலம் எழுத்து கணக்கு, ஞாயித்துக்கெழம சர்ச்சு. மில்லுக்குன்னு பீட்டர் ஹாலண்ட்னு ஒரு டாக்டரயே கிரெக் போட்டு வச்சிருந்தாரு, அந்தக் காலத்துல மில்லுங்க அப்பிடி செய்யறது ரொம்ப அபூர்வம். தோட்டத்து காய்கறி, படிப்பு, டாக்டரு, இதெல்லாம் பாத்தா மத்த முதலாளிகளுக்கு இவரு எவ்வளவோ மேலுன்னுதான் நானும் சொல்லுவேன், பொய் சொல்லக் கூடாது.

ஆனா 1806ல ரெண்டு பசங்க ஓடிட்டானுங்க. தாமஸ் பிரீஸ்ட்லி, ஜோசப் செஃப்டன். ரெண்டு பேரும் லண்டன்ல ஹாக்னி விடுதில இருந்து வந்தவனுங்க. பிரீஸ்ட்லிக்கு 13 வயசு, மெஷின்ல மாட்டி ஒரு விரல் போயிருச்சு. அம்மாவ பாக்கணும்னு லண்டன் கெளம்பிட்டான், கூட செஃப்டனும். கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் தூரம். அங்க மாஜிஸ்ட்ரேட் முன்னால ரெண்டு பேரும் குடுத்த வாக்குமூலம் இப்பவும் இருக்கு, அதுல மொதலாளி அடிச்சாரு ஒதச்சாருன்னு ஒரு வார்த்தை இல்ல. செஃப்டன் அவரு மேல கொறையே சொல்லல, ஓவர்டைம் பாக்க வச்சதுதான் புடிக்கல, படிக்கணும்னு ஆசையா இருந்துச்சு அதுக்கு நேரம் இல்லன்னு சொல்லியிருக்கான். அத கேட்டப்ப எனக்கு தொண்டை அடைச்சுருச்சு. எங்க அக்காவும் டீச்சர் ஆகணும்னுதான் சொல்லிட்டு இருந்துச்சு, ஹாஸ்டல்லயே பிளஸ் டூ எழுத வைக்கறோம்னு சொன்னாங்க, நைட் ஷிப்ட் முடிச்சுட்டு புக்க தொறந்தா எழுத்து தெரியாதுன்னு சொல்லும்.

முப்பது வருசம் கழிச்சு 1836ல எஸ்தர் பிரைஸ்னு ஒரு புள்ள, லிவர்பூல்காரி, வீட்டுக்கு ஓடிருச்சு. திரும்பி வந்தப்ப சன்னல பலகை வச்சு அடைச்ச ரூம்ல தனியா பூட்டி வச்சாங்க. அந்த நாள்ல ஹாஸ்டல பாத்துக்கிட்ட அம்மா செத்துப் போயி அதே வீட்டுல பொணத்த வச்சிருந்தாங்க, புள்ள பயந்து போயி வெளிய வந்துருச்சு. இது கெட்ட பேரு எடுத்த மில்லுல நடக்கல, எல்லாரும் மெச்சுன மில்லுல நடந்தது. எங்க அக்கா ஹாஸ்டல்ல யாரும் அடிச்சதில்ல, சோறும் பரவால்ல, மாசம் ஒரு தடவ வார்டன் கூட சந்தைக்கு போகலாம். ஆனா கேட்டு பூட்டுதான். மூச்சு எரைப்பு வந்து ரெண்டு வருசம் ஏழு மாசத்துல வீட்டுக்கு வந்தப்ப, மூணு வருசம் முடியலன்னு அந்த மொத்தப் பணம் கெடைக்கல. அந்த மில்லு பேரு வேண்டாம், அக்காவே அத சொல்றதில்ல. நல்லவங்களா கெட்டவங்களான்னு நான் கேக்கறதயே விட்டுட்டேன், பூட்டுக்கு சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு மட்டும்தான் இப்ப பாக்கறேன்.

இன்னொன்னும் அங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன். இந்த கிரெக்குக்கு கரீபியன்ல டொமினிக்கா தீவுல கரும்புத் தோட்டம் இருந்துச்சு, வேலை செஞ்சது அடிமைங்க. மில்லுக்கு வந்த பஞ்சும் அமெரிக்காவுல அடிமைங்க எடுத்தது, லிவர்பூல் துறைமுகத்துல எறங்கி வந்தது. அடிமை முறைய எடுத்தப்ப பிரிட்டிஷ் அரசாங்கம் 2 கோடி பவுண்ட் இழப்பீடு குடுத்துச்சு, அடிமைங்களுக்கு இல்ல, அவங்கள வச்சிருந்தவங்களுக்கு. அந்த காசு கிரெக் குடும்பத்துக்கும் வந்துச்சு. ஒரு பக்கம் கடல் தாண்டி பூட்டு, இன்னொரு பக்கம் மேட்டு மேல ஹாஸ்டல்ல பூட்டு.

சட்டம்னு பாத்தா 1802லயே மில் அப்ரண்டிஸ் புள்ளைகளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல வேலை குடுக்கக் கூடாதுன்னு வந்துருச்சு, போயி பாக்க ஆள்தான் இல்ல. 1833 சட்டத்துலதான் இன்ஸ்பெக்டர்னு போட்டாங்க, அதுவும் நாட்டுக்கே நாலு பேரு. சாமுவேலோட மகன் ராபர்ட் ஹைட் கிரெக் மான்செஸ்டர் எம்பியா இருந்தவரு, 10 மணி நேர வேலை கேட்டு தொழிலாளிங்க போராடுனப்ப அத எதுத்து எழுதுனாரு. 1847ல 10 மணி நேர சட்டம் வந்துச்சு, அதே வருசம் இந்த ஹாஸ்டல் முறையும் இங்க முடிஞ்சுது.

மூடறதுக்கு முன்னால திரும்ப மில்லுக்குள்ள போனேன், கடைசி தடவையா மெஷின ஓட்டறாங்கன்னு சொன்னாங்க. அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன், அங்க ராத்திரி, சாப்புட்டுட்டு இருந்துச்சு. சத்தத்துல நான் பேசறது கேக்கல, அதுவும் கேக்க முயற்சி பண்ணல, போன பக்கத்துல வச்சு உத்துப் பாத்துட்டே இருந்துச்சு. வண்டி முன்னால வந்துச்சு, உள்ள போச்சு, மறுபடி வந்துச்சு. திடீர்னு தட்ட கீழ வச்சுட்டு கைய காமிச்சு என்னமோ கத்துச்சு, நான் வெளிய ஓடி வந்து என்னக்கான்னு கேட்டேன்.

"அந்த ஓரத்துல மூணாவது கதிருல நூலு அந்து கெடக்குது கண்ணு, யாரும் முடிச்சு போடாம நிக்கறாங்க பாரு"ன்னுச்சு. சோத்துக் கையோட கட்டை வெரலும் ஆள்காட்டி வெரலும் ஒன்னோட ஒன்னு தேச்சுட்டு இருந்துச்சு.