மாருத்துக்குக் கிடைக்காமல் போன எஞ்சின்: ஃபிளைட்கியரில் எச்எஃப்-24 சேர்த்துப் பார்த்த அனுபவம்

ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் 1956-ல் பெங்களூருக்கு வந்து, விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல்லின் பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய எச்எஃப்-24 மாருத், ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தை எட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடு தொடங்கப்பட்ட போர் விமானம். அதற்கென்று மனத்தில் வைத்திருந்த எஞ்சின் ஆர்ஃபியஸ் பி.ஓஆர்.12. ஆஃப்டர்பர்னரோடு (வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் பகுதி) ஒவ்வொன்றும் 8,170 பவுண்டு, அதாவது சுமார் 36.3 கிலோநியூட்டன் உந்துவிசை தந்திருக்க வேண்டிய அந்த எஞ்சினின் உருவாக்கப் பணி பாதியில் நின்றுபோனது. கைக்குக் கிடைத்தவை ஆஃப்டர்பர்னர் இல்லாத ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 21.6 கிலோநியூட்டன். அவற்றில் இரண்டைப் பொருத்தித்தான் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் 1961 ஜூன் 17 அன்று மாருத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டார். மொத்தம் 147 மாருத்துகள் கட்டப்பட்டன; 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தின் மேல் நன்றாகவே போரிட்டன; ஆனால் சமதளப் பறத்தலில் அவை ஒலியின் வேகத்தைத் தொட்டுப் பார்த்ததோடு சரி.

கிடைக்காமல் போன அந்த எஞ்சினை, ஃபிளைட்கியர் என்ற விமானப் பறத்தல் மென்பொருளின் வழியே கணினியிலாவது மாருத்துக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் இந்த வேலையின் நோக்கம். ஒரே ஃபோல்டரில் இரண்டு விமானங்கள்: உள்ளபடி பறந்த மார்க் 1 ஒன்று, பி.ஓஆர்.12 பொருத்திய மாருத் ஒன்று. இரண்டாவதில் கிடைக்கும் எந்த வேகத்தையும் சரிபார்க்க வெளியில் சான்று கிடையாது. நிஜ விமானத்தின் எண்களோடு ஒத்துவரும் காற்றுத்தடை அட்டவணை ஒன்றுதான் அதற்குப் பிடிமானம் என்பதால், மார்க் 1 சரியாக அமையும் வரை மற்றதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஃபிளைட்கியரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது இலவசம் என்பது மட்டுமன்று. அதன் ஜேஎஸ்பிசிம் பறத்தல் மாதிரியில் இறக்கைப் பரப்பிலிருந்து எஞ்சினின் எரிபொருள் செலவு வரை எல்லாமே சாதாரண எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத்தாக இருக்கின்றன. எந்த எண்ணை மாற்றினால் எது மாறுகிறது என்பதை நோட்பேடில் திறந்தே பார்க்கலாம். விமான ஃபோல்டரின் இடத்தை லாஞ்சரில் காட்டிவிட்டால், அதற்குள் இருக்கும் ‘செட்’ கோப்பு ஒவ்வொன்றையும் ஃபிளைட்கியர் தனி விமானமாக எடுத்துக்கொள்கிறது; ஒன்றை மற்றொன்றின் மாற்றுவடிவம் என்று குறித்துவிட்டால் பட்டியலில் இரண்டும் ஒரே பெயரின் கீழ் வந்து அமர்கின்றன. முப்பரிமாண மாதிரி, ஒலி, சக்கரம் ஆகிய அனைத்தும் இரண்டுக்கும் பொது. எஞ்சின் கோப்பும் எடையும் மட்டுமே வேறு.

வெளித்தோற்றத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் வரைந்தேன். கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தின் முன்னால் ஒரு மாருத் நிற்கிறது. பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. பக்கவாட்டுப் படங்களில் நீளம் 15.87 மீட்டர், இறக்கை விரிவு 9 மீட்டர் என்ற இரண்டு அளவுகளை அடிப்படையாக வைத்து மற்றவற்றைக் கணக்கிட்டுக்கொண்டேன். காற்று உள்ளிழுக்கும் வாயில்களில் இருக்கும் அரைக்கூம்புகளின் வளைவை மட்டும் புகைப்படத்திலிருந்து எடுக்க முடியவில்லை. நேரில் பல கோணங்களில் நின்று பார்த்துத்தான் பிடிபட்டது. வரைந்ததை ஏசி3டி வடிவத்துக்கு மாற்றும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் தெளிவான பெயர் இருக்க வேண்டும். எய்லரானும் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடிப்பு) சக்கரக் கதவும் அசைவது அந்தப் பெயர்களை வைத்துத்தான். இதைப் பற்றி மேலும் எழுத அதிகமில்லை, பொறுமை இருந்தால் முடிந்துவிடும் வேலை அது.

பறத்தல் மாதிரிதான் உண்மையான வேலை. ஜேஎஸ்பிசிம் திட்டத்தோடு வரும் ஏரோமேட்டிக் என்ற கருவியிடம் எடை, அளவுகள், எஞ்சின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொடுத்தால் ஒரு முதல் வரைவைத் தந்துவிடும். இறக்கைப் பரப்பு 28 சதுர மீட்டர், வெற்று எடை 6,195 கிலோ, வழக்கமான பறப்பு எடை 8,951 கிலோ என்று கொடுத்து வரைவைப் பெற்றேன். அது பறக்கும்; ஆனால் மாருத்தாகப் பறக்காது, பொதுவான ஒரு இரட்டை எஞ்சின் ஜெட்டாகப் பறக்கும்.

இங்கே எச்ஏஎல் கடைப்பிடித்த வரிசையையே நானும் பின்பற்றினேன். மாருத்தின் வடிவத்தைச் சோதிக்க அவர்கள் முதலில் எக்ஸ்-241 என்ற முழு அளவு மரக் கிளைடரைச் செய்து, அதை 1959-ல் டகோட்டா விமானத்தால் இழுத்துச் சென்று பறக்கவிட்டார்கள். எஞ்சினின் தலையீடு இல்லாமல் இறக்கையும் வாலும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அறிய அதுவே நேரான வழி. நானும் எஞ்சின்களை அணைத்த நிலையில் விமானத்தை நடுவானில் தொடங்கி, பல வேகங்களில் கட்டுப்பாடுகளைத் தொடாமல் விட்டுப் பார்த்தேன். ஏரோமேட்டிக் குறித்துக் கொடுத்த ஈர்ப்பு மையமும் தூக்குவிசை செயல்படும் புள்ளியும் மிக நெருக்கமாக இருந்ததால் மூக்கு மெல்ல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. ஈர்ப்பு மையத்தைச் சில அங்குலங்கள் முன்னால் நகர்த்தியதும் ஆட்டம் ஓரிரு அலைகளில் அடங்கியது. ஜேஎஸ்பிசிம்மில் நீள அச்சு மூக்கிலிருந்து வாலை நோக்கிக் கூடிக்கொண்டு போகும் என்பதை இதைச் செய்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; முன்னால் நகர்த்துவது என்றால் எண்ணைக் குறைப்பது.

அடுத்தது காற்றுத்தடை. மார்க் 1 பற்றி இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டேன்: கடல்மட்டத்தில் மணிக்கு 1,112 கிலோமீட்டர், அதாவது மாக் 0.91 (ஒலிவேகத்தில் 0.91 மடங்கு), உயரத்தில் மாக் 1.02. முதல் எண் எளிதில் வசப்பட்டது. கடல்மட்டத்தில் அந்த வேகத்தில் எஞ்சின்கள் இரண்டும் சேர்ந்து சுமார் 39 கிலோநியூட்டன் தருவதாகக் கொண்டால், மொத்தக் காற்றுத்தடைக் கெழு (விமானத்தின் வடிவம் எவ்வளவு தடை தருகிறது என்பதைக் குறிக்கும் எண்) 0.024-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. அதில் 0.018-ஐ அடிப்படைத் தடையாகவும், மீதியை ஒலிவேகத்தை நெருங்கும்போது எழும் அலைத்தடையாகவும் பிரித்தேன். ஆனால் அதே அட்டவணையோடு 11,000 மீட்டர் உயரத்துக்குப் போனால் விமானம் மாக் 0.95-ஐத் தாண்ட மறுத்தது.

காரணம், ஏரோமேட்டிக் கொடுத்த அலைத்தடை வளைவு. மாக் 1.1-ல் 0.023 வரை செங்குத்தாக ஏறும் அந்த வளைவு எல்லாப் போர் விமானங்களுக்கும் பொதுவாகப் போடப்பட்டது. மாருத் மெலிந்த, பின்சாய்ந்த மெல்லிய இறக்கை கொண்ட விமானம். பலவீனமான எஞ்சினோடு அது ஒலிவேகத்தைத் தொட்டது என்றால், அந்த உடலின் தடை அவ்வளவு செங்குத்தாக ஏறியிருக்க முடியாது. அலைத்தடையை மாக் 0.91-ல் 0.005, மாக் 1.02-ல் 0.011, உச்சத்தில் 0.018 என்று சாய்வாக அமைத்து, எரிபொருளைப் பாதிக்குக் குறைத்துப் பறந்தபோது இரண்டு எண்களும் ஒரே அட்டவணையில் வந்து பொருந்தின. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகுந்த நிறைவு தந்த இடம் இதுதான். டாங்க்கும் அவரோடு உழைத்தவர்களும் எவ்வளவு சுத்தமான உடலை வடித்திருக்கிறார்கள் என்பதை எந்தப் புகழுரையையும்விட இந்த அட்டவணை தெளிவாகச் சொல்கிறது.

எஞ்சின் கோப்பில் ஒரு சிறு சங்கடம் இருந்தது. ஆர்ஃபியஸ் ஒற்றைத் தண்டு எஞ்சின்: ஏழு அடுக்குக் கம்ப்ரஸர், ஓரடுக்கு டர்பைன், இரண்டையும் இணைக்கும் ஒரே சுழல்தண்டு. ஜேஎஸ்பிசிம்மின் டர்பைன் மாதிரியோ என்1, என்2 என்று இரண்டு சுழற்சி வேகங்களை எதிர்பார்க்கிறது. இரண்டுக்கும் ஒரே எல்லைகளைக் கொடுத்து, காக்பிட் மீட்டரில் ஒன்றை மட்டும் காட்டும்படி செய்துவிட்டேன். வேகம் பிடிக்கும் நேரத்தை அந்த மாதிரி பைபாஸ் விகிதத்திலிருந்து (எஞ்சினின் உட்பகுதியைச் சுற்றிக்கொண்டு போகும் காற்றின் பங்கு) தானாகவே கணக்கிடுகிறது; ஆர்ஃபியஸுக்கு பைபாஸ் என்பதே கிடையாது என்பதால் எஞ்சின் நொடிப்பொழுதில் சீறிக்கொண்டு கிளம்பியது. எங்கள் ஜீவன் பீமா நகரில், எச்ஏஎல் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். வேலூர்ப் பக்கத்துக்காரர். அவரிடம் லேப்டாப்பைக் காட்டினேன். ஒலியைக் கேட்டுவிட்டு, “தம்பி, இது இவ்வளவு அவசரப்படாதுப்பா. த்ராட்டிலைத் தள்ளினா கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் ஏறும்” என்றார். த்ராட்டிலுக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு தாமத வடிகட்டியைச் சேர்த்து, அவர் தலையசைக்கும் வரை அதைத் திருத்தினேன்.

இவ்வளவும் ஆன பிறகே பி.ஓஆர்.12-ஐப் பொருத்தினேன். கோப்பில் ஆஃப்டர்பர்னர் உண்டு என்ற குறியீட்டை இட்டு, உச்ச உந்துவிசையை 8,170 பவுண்டாக்கி, த்ராட்டிலை முழுவதும் தள்ளினால் அது பற்றிக்கொள்ளும் முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். எடைக்கு உந்துவிசை விகிதம் 0.49-லிருந்து 0.83-க்கு ஏறுகிறது. அந்த வேறுபாட்டை எச்ஏஎல் ஓடுபாதையிலேயே உணர முடிகிறது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தி குறைவு. ஏப்ரல் வெயிலை வானிலைப் பகுதியில் இட்டுப் பறந்தால் இன்னும் குறைகிறது. மார்க் 1 முழு எடையோடு அந்த ஓடுபாதையை நிதானமாகத் தின்றுகொண்டு ஓடுகிறது. மற்றது பாதி வழியிலேயே தரையை விட்டுவிடுகிறது.

வானில் 11,000 மீட்டரில் மாக் 1.1 சுவரை அது தயங்காமல் கடக்கிறது, பிறகு மாக் 1.5-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. மாக் 2-ல் சமதளமாகப் பறக்க என் அட்டவணை சுமார் 58 கிலோநியூட்டன் கேட்கிறது. அந்த உயரத்தில் இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து 43-க்கு மேல் தருவதில்லை. ஆக, பி.ஓஆர்.12 கிடைத்திருந்தால் மாருத் மாக் 2 விமானமாகியிருக்கும் என்று பலரும் சொல்வதை என் கணக்கு ஆதரிக்கவில்லை. ஆனால் உறுதியாக ஒலியை மிஞ்சிய, கனமான ஆயுதங்களைச் சுமக்கும், 1960-களுக்கு மிகவும் மதிப்புள்ள ஒரு போர் விமானமாக அது இருந்திருக்கும் என்றே கருதுகிறேன். விலையும் உண்டு: கடல்மட்டத்தில் முழு ஆஃப்டர்பர்னரில் நிமிடத்துக்குச் சுமார் 250 கிலோ எரிபொருள் போகிறது. மார்க் 1-ன் முழு உந்துவிசைச் செலவைப் போல இது மூன்று மடங்குக்கும் மேல்.

எச்ஏஎல் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எகிப்தின் ஈ-300 எஞ்சினை ஒரு மாருத்தில் பொருத்திப் பார்த்தார்கள். ஆர்ஃபியஸ் 703-க்கே ஆஃப்டர்பர்னர் சேர்த்து மார்க் 1ஆர் என்ற வடிவத்தையும் கட்டினார்கள். 1970 ஜனவரி 10 அன்று அந்த விமானம் விபத்துக்குள்ளானதில்தான் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். பழைய மெட்ராஸ் சாலையிலிருந்து எச்ஏஎல் பக்கம் வரும் சாலைக்கு அவர் பெயர். தினமும் அதில் பேருந்தில் போகிறவர்களில் பலருக்கு அவர் யார் என்று தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. விமானத்தின் விளக்கக் குறிப்பில் அவர் பெயரை முதல் வரியில் எழுதியிருக்கிறேன்.

துப்பாக்கிகள் கடைசியாக வந்தன. மாருத்தின் மூக்கில் நான்கு 30 மில்லிமீட்டர் ஏடன் துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் 120 குண்டுகள். ஃபிளைட்கியரில் இவற்றை ‘சப்மாடல்’ கோப்பில் எழுத வேண்டும்: குழல் வாயின் இடம் அடிக்கணக்கில், குண்டின் வேகம் நொடிக்கு 2,600 அடி, இரண்டு குண்டுகளுக்கு இடையே 0.05 நொடி. விசையை அழுத்திப் பிடித்தால் ஆறே நொடியில் அத்தனையும் தீர்ந்துவிடுகிறது. போர் விமானிகள் ஏன் அரை நொடி, ஒரு நொடி என்று அளந்து சுடுகிறார்கள் என்பது இதை ஒருமுறை செய்து பார்த்தால் புரியும்.

சப்மாடல் குண்டை அனுப்புமே தவிர, அதன் பின்னுதைப்பை விமானத்துக்குத் தராது. கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான குண்டு, நொடிக்கு 790 மீட்டர் வேகம், நொடிக்கு இருபது குண்டு, நான்கு துப்பாக்கி என்று பெருக்கினால் சுமார் 14 கிலோநியூட்டன் வருகிறது. மார்க் 1-ன் முழு உந்துவிசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஜேஎஸ்பிசிம்மின் வெளிவிசைப் பகுதியில் மூக்கிலிருந்து வாலை நோக்கி ஒரு விசையை எழுதி, சுடும் பொத்தானோடு இணைத்தேன். இப்போது சுடும்போது வேகமானியின் முள் கண்ணுக்குத் தெரியும்படி பின்வாங்குகிறது, குறி வைத்த புள்ளியும் மெல்லத் தாழ்கிறது. தாழ்வான உயரத்தில் தரை இலக்கை நோக்கிச் சரியும்போது அதையும் கணக்கில் வைத்துக் குறிபார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னும் மீதமிருப்பது உடலுக்குள்ளிருந்து கீழிறங்கும் ராக்கெட் பெட்டி: 68 மில்லிமீட்டர் எஸ்நெப் ராக்கெட்டுகள் ஐம்பது. பெட்டி இறங்கும்போது கூடும் காற்றுத்தடையையும், அது திறந்திருக்கும்போது மூக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் மார்க் 1-ல் முதலில் சரிபார்க்க வேண்டும். அது முடிந்ததும் இரண்டு வடிவங்களையும், காற்றுத்தடை அட்டவணையை எப்படிப் பெற்றேன் என்ற கணக்கோடு சேர்த்து, யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த இடம்தரும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடுவேன்.